6/6 என்னும் பொய்ச் சாட்சி

மந்தைவெளியில் குடியிருக்கும் ஒரு பஸ் டிரைவர். பத்து வருஷமாக நீரிழிவு. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படிக்கிறார். "6/6, கண் நன்று" என்று சீட்டு! யாரை ஏமாற்ற இந்தச் சீட்டு? 1862-இல் ஸ்நெல்லன் செய்த அட்டை அது. விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவதை அது அறியாது. கசிவு நடுப்பகுதியைத் தொடும்வரை எழுத்து மங்காமலே இருக்கலாம். மங்கியபின் இழந்த பார்வை முழுதாக மீள்வது அரிது.

விழித்திரைப் படம் முன்கூட்டியே காட்டும். படமும் வேதவாக்கல்ல, கண்புரை மறைக்கும், வீக்கம் தப்பும். தெளிவற்ற படத்துக்கு "நோயில்லை" என்று எழுதாதே, டாக்டரிடம் அனுப்பு!

சங்கர நேத்ராலயா, அரவிந்த் நோயாளிகளின் விழிப்படங்களையும் வைத்துத்தான் கூகுள் கம்பெனி தன் யந்திரத்துக்குப் பாடம் புகட்டி, 2016-இல் உலகுக்கு அறிவித்தது. கண் நம்முடையது! 2021-இல் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்தது சர்க்கார், வரவேற்றோம். வருஷம் ஒருமுறை இலவச விழித்திரைப் படம் எங்கள் பேட்டைச் சுகாதார நிலையத்திலேயே வேண்டும்.