குளக்கரைக்கு வேண்டியது நிழலே

ஆண்டு முழுவதற்கும் சுமார் 4 அங்குல மழையே பெய்கின்ற பாலைநிலத்தில் எழுந்த லாஸ் வேகஸ் நகரத்தில், கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் வைத்திருக்கும் வீட்டாரிடையே ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குளத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக்கினால் ஆன செயற்கைப் புல்லை விரித்துவிட்டால் தண்ணீர் மிச்சமாகும், குழந்தைகளின் பாதங்களுக்கு இதமாயிருக்கும், குளத்தில் அழுக்குச் சேராது, பராமரிப்பு என்ற தொல்லையே இராது என்பது அதன் சாரம். இவ்வாறு நம்புகிறவர்கள் தங்கள் குடும்பத்தின் சௌகரியத்தையும் ஊரின் நீர்வளத்தையும் ஒருங்கே கருதியே நம்புகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்த வாதங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்வோமானால், அவற்றில் ஒன்றேனும் முழுமையாக நிலைபெறுவதில்லை என்பது புலனாகும்.

முதலாவது, தண்ணீர்ச் சிக்கனம். கொலராடோ நதியை ஹூவர் அணை தடுத்து உண்டாக்கிய மீட் ஏரியே அந்நகரத்தின் தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அளிக்கிறது. அந்த ஏரி 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு வெகுவாகத் தாழ்ந்துவிட்டமையால், வெறும் அலங்காரத்துக்கென வளர்க்கப்படும் புல்வெளிகளுக்கு 2027 முதல் நதிநீரைப் பாய்ச்சலாகாது என்று நெவாடா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது. தனி வீடுகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாதெனினும், அதன் நோக்கம் நியாயமானதே. ஆகவே கொல்லையிலும் நீர் குடிக்கும் புல்வெளியை அகற்ற வேண்டும் என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால், அகற்றிய இடத்தில் பிளாஸ்டிக்கைத்தான் விரிக்க வேண்டும் என்பது அதனின்று எவ்வாறு பெறப்படும்? தெற்கு நெவாடா நீர் ஆணையம் பல ஆண்டுகள் வீட்டுத் தோட்டங்களை அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சதுர அடிப் புல்வெளிக்கு வருஷத்துக்கு 73 காலன் தண்ணீர் செலவாக, பாலைக்கு உகந்த செடிகளை நட்ட தோட்டத்துக்கு 17 காலனே செலவாயிற்று. மிச்சத்தின் பெரும்பகுதியை உயிருள்ள செடிகளைக் கொண்டே அடைந்துவிடலாம் என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது.

இரண்டாவதும் மிக முக்கியமானதுமான வாதம், பாதத்துக்கு இதம் என்பது. வழுக்கும் சிமெண்டுத் தளத்தைவிடச் செயற்கைப் புல் மென்மையானது, விழுந்தாலும் அடி குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் வெறுங்காலுடன் நீச்சலுடையில் நடமாடும் இடத்தில் மென்மையைக் காட்டிலும் உஷ்ணத்தையல்லவா முதலில் கருத வேண்டும்? அயல் மாநிலமான யூட்டாவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் தங்கள் விளையாட்டு மைதானத்தை அளந்தபோது, காற்றின் உஷ்ணம் 37 டிகிரி செல்சியஸாக இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியை எட்டியது. சராசரியாக அது தார்ச்சாலையைவிட 20 டிகிரியும், இயற்கைப் புல்லைவிட 48 டிகிரியும் மிகுந்த சூடு கொண்டிருந்தது. தண்ணீர் தெளித்தால் ஆறிவிடுமே என்பார்கள். அதையும் அவர்கள் சோதித்தார்கள்: 79 டிகிரியில் இருந்த பரப்பு தண்ணீர் பட்டவுடன் 29 டிகிரிக்கு இறங்கி, ஐந்தே நிமிஷத்தில் 49 டிகிரிக்கும், இருபது நிமிஷத்தில் 73 டிகிரிக்கும் ஏறிவிட்டது. உயிருள்ள புல் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கோ அந்தச் சக்தி இல்லை. 2024 ஜூலையில் 48.9 டிகிரி வெயிலைக் கண்ட ஊரில், குழந்தைகள் குளத்திலிருந்து ஏறி ஓடும் வழியில் இத்தகைய விரிப்பை விரிப்பதை இதம் என்று அழைப்பது எங்ஙனம்? குளிர்விக்க வேண்டி மீண்டும் மீண்டும் தண்ணீரைத் தெளிப்போமாயின், முதல் வாதமாகிய சிக்கனமும் அத்துடன் போய்விடுகிறது.

மூன்றாவது, சுத்தமும் பராமரிப்பும். சேறும் வெட்டிய புல்லும் குளத்தில் விழா என்பது உண்மை. குளத்து நீரிலுள்ள சொற்ப அளவு குளோரின் இந்தப் பிளாஸ்டிக்கை எளிதில் கெடுப்பதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காக இடையே தூவப்படும் மணல், காலோடும் காற்றோடும் சென்று குளத்தில் இறங்கி வடிகட்டியை அடைகிறது. பாலையின் தூசியும் வளர்ப்பு நாயின் சிறுநீரும் மண்ணில் மக்குவதைப் போல் அங்கே மக்குவதற்கு வழியில்லை. அலசித்தான் தீர வேண்டும். சாய்ந்த இழைகளை அவ்வப்போது வாரி நிமிர்த்தவும் வேண்டும். வீட்டு ஜன்னல்களின் வெப்பந்தடுக்கும் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஓரிடத்தில் குவிந்தால், அந்த இடத்து இழைகள் உருகிவிடுவதும் உண்டு.

நான்காவது, ஒருமுறை செலவழித்தால் போதும் என்பது. அடியில் ஜல்லி கொட்டி இறுக்கி, நீர் வடியச் சரிவு அமைத்து விரிக்கும் பெருஞ்செலவு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில், வெயிலில் இழைகள் நைந்து உதிர்ந்தபின், மீண்டும் ஒருமுறை வந்து நிற்கிறது. வெவ்வேறு பிளாஸ்டிக் வகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் பழைய விரிப்பைப் பிரித்து மறுபடி உபயோகிப்பது கடினமாகையால், பெரும்பாலும் குப்பைமேடே அதன் கதியாகிறது. இவ்வித விசாரங்களாலேயே, செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் அதிகாரத்தை 2015இல் நகராட்சிகளிடமிருந்து பறித்த கலிபோர்னியா மாநிலம், 2023இல் அதைத் திருப்பி அளித்தது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? குளத்தின் விளிம்பில் வழுக்காத சொரசொரப்புள்ள வெளிர்நிறக் கல்லைப் பாவி, மாலை வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் ஒரு பந்தலை அமைத்து, இலையும் பூவும் நீரில் விழாத தூரத்தில் பாலைக்குரிய மரங்களையும், குப்பை குறைவாக உதிர்க்கும் சிவப்பு யூக்கா போன்ற செடிகளையும் சொட்டுநீரில் வளர்ப்பதே விவேகம். மரம் வளரும்வரை பந்தல் காக்கும். வளர்ந்தபின் மரம் ஆண்டுக்காண்டு தன் நிழலைப் பெருக்கும். பாலைவனத்தில் மனிதனுக்கு வேண்டியது பச்சை நிறமன்று, நிழல். அந்த நிழலைத் தராததோடு வெயிலையும் தன்னுள் திரட்டிப் பாதத்துக்குத் திருப்பித் தரும் ஒரு பொருளுக்குப் பணம் கொடுக்குமுன், வீட்டார் ஒரு கோடை நண்பகலில் அதன்மேல் தங்கள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்களாக.