பழசாக இருப்பதா எங்கள் குற்றம்?

என் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. ஆந்திராவின் பங்காருபாளையத்தில் இந்த ஆன்லைன் கடையைத் திறந்த காலத்தில் வாங்கியது. ஆன் செய்தால் இன்றும் ஓடுகிறது, பிரிண்ட் எடுக்கிறது, என் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதைத்தான் குப்பை என்கிறார்கள்.

பணம் எடுக்க வருபவர்கள் விரல் வைக்கும் பழைய கைரேகை மெஷின் இனிச் செல்லாது, எல்1 மெஷின் வாங்கு என்றார்கள். ரேகையை மெஷினுக்குள்ளேயே பூட்டி அனுப்புமாம், திருட முடியாதாம். நல்ல ஏற்பாடுதான். கடன் வாங்கி வாங்கினேன். மெஷினை பாங்க் பக்கத்தோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆனது, லைட்டும் எரிந்தது. பாங்க் பக்கத்திலோ 'டிவைஸ் நாட் ரெடி'!

தோண்டிப் பார்த்தால், பழைய மெஷினின் சர்வீஸ் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்த சர்வீஸ்கள் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பழையது 11100-ஐ விடவில்லை. பாங்க் பக்கம் முதலில் அதைத்தான் கூப்பிடுகிறது. அதனிடம் மெஷினே இல்லை. கண்ட்ரோல் பேனலில் நீக்கியும் போகவில்லை. அன்இன்ஸ்டால் என்றால் சுத்தமாக நீக்க வேண்டாமா? மெஷின் கம்பெனிக்காரர்களே, அதைக்கூடச் செய்யாமல் எப்படி ஐயா விற்றீர்கள்?

கையால் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மீண்டேன். உடனே அடுத்த அடி: பிரௌசர் பழசாம். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் எதுவும் அதில் ஏறாது. விண்டோஸ் 10 போடலாமென்றால், 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், என் போர்டில் அது கிடையாது. உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒரே பதில்: "புது சிஸ்டம் வாங்கிக்கோங்க சார்." எந்தக் காசில்?

தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்த 2025-ல் கிலோவுக்கு 4 ரூபாய் தருவதாக ஆந்திர அரசு அறிவித்தது. அப்படி வருகிற பணம் பாங்க் கணக்கில்தான் விழும். அதை எடுக்க எங்கள் ஜனம் என் மேஜைக்குத்தான் வரவேண்டும். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு வெந்த கட்டைவிரலை ஒரு பெரியவர் மெஷினின் கண்ணாடிமேல் வைக்கிறார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "என் ரேகைதான் அழிஞ்சுபோச்சா தம்பி?" என்று கேட்கிறார். உங்கள் சாஃப்ட்வேரின் பழியை அந்த மனிதர் தன் விரல்மேல் போட்டுக்கொள்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

விண்டோஸ் 7-ல் முழுசாக வேலை செய்யாது என்று பெட்டிமேல் ஒரு வரி அச்சடிக்க உங்களுக்கு என்ன செலவு? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் கடன் வாங்கியிருக்கமாட்டேன். என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுங்கள்.