அச்சில் வார்த்த ஆகாய விமானம்: தரம் காணுமாறு

பறக்கும் பொறியின்மீது தமிழர் கொண்ட மையல் புதியதன்று. சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். அரசி விசயையைச் சுமந்து சென்ற அம்மயில் எத்தனை முழம் நீண்டது, அதன் இறக்கை எவ்வளவு அகன்றது என்று கேட்பார் இல்லை. காவியத்துக்கு அக்கணக்கு வேண்டியதுமில்லை. ஆனால், 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி இரத்மலானையினின்றும் எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்ற எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் காவியமன்று. அதற்கு நீளமும் அகலமும் உண்டு. வண்ணமும் பதிவெழுத்தும் உண்டு. அதன் சிற்றுரு இதுவென ஒருவர் ஒரு பொருளை நம்முன் வைப்பாராயின், "இது அதுதானா?" என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. அச்சுவார்ப்பு விமானங்களைச் சேகரிப்போர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவே என்பது என் கருத்து. விலையும் மினுக்கமும் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் கண்டிக்கு வரும்போது இத்தகைய மாதிரிகளைக் கொணர்ந்து, வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் வைப்பதை இப்போது காண்கிறோம். அவற்றைக் கையில் எடுப்போர் சொல்லும் முதற் புகழுரை, "நல்ல கனம்!" என்பதே. இப்புகழுரையோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதன் செய்த பொருள்களுள், கனத்தைக் குறைப்பதற்கென்றே இத்துணை அரும்பாடுபட்டுச் செய்யப்பட்டது விமானத்தைப்போற் பிறிதொன்றில்லை. அதன் மாதிரியைக் கனத்தால் மதிப்பது, பாடகனை அவன் உடற்பருமனால் மதிப்பது போன்றதாகும். கனம் தெரிவிப்பது ஒன்றே: உள்ளே துத்தநாகம் இருக்கிறது. அந்த உலோகத்தில் மெல்லிய உறுப்புகளைச் செய்தல் அரிது. ஆதலின் நல்ல தொழிலாளர் வானொலிக் கம்பியையும் சுழல்விசிறியின் இதழையும் பிளாஸ்ரிக்கினாற் செய்வர். அதனை மலிவென்று இகழ்வோர், தடித்த ஆணி போன்ற கம்பிகள் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் முழு உலோக மாதிரியைப் போற்றுகின்றனர். இரசனை எப்படியெல்லாம் வழி தவறுகிறது!

வார்ப்புத் தொழில் கண்டி நாட்டார்க்குப் புதியதன்று. கொழும்பு வீதியிற் பிலிமத்தலாவையைக் கடந்து செல்வோர் பித்தளைக் கடைகளைக் காணாதிருக்க இயலாது. மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, உருகி ஒழிந்த மெழுகின் இடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை, கண்டிக் கம்மியருக்கும் சுவாமிமலை ஸ்தபதியருக்கும் பொதுவானது. அம்முறையில் ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சு உடைக்கப்படும். ஒன்றிற் பிழை நேர்ந்தால் அது அவ்வொன்றோடு போகும். அச்சுவார்ப்பு விமானத்தின் கதை வேறு. உருக்கினாற் கடைந்த அச்சு ஒன்றுக்குள், சிறிது அலுமினியமும் செம்பும் மக்னீசியமும் கலந்த துத்தநாகத்தை உருக்கி, மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவர். அக்கலவை 400 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் அச்சு நெடுங்காலம் உழைக்கும். ஆயிரக்கணக்கிற் பிறக்கும் குழந்தைகள் அனைத்துக்கும் ஒரே முகம். அச்சு கடைந்தவன் மூக்கின் வளைவிற் பிழைத்தானாயின், எத்தனை அழகிய வண்ணம் பூசினாலும் அப்பிழை ஒன்றிலேனும் நீங்காது. ஆதலின் வண்ணத்திற் கண்ணை ஓட்டுமுன், வண்ணமே இல்லாததுபோற் பாவித்து வடிவத்தைப் பார்த்தல் வேண்டும். மூக்கு, விமானி அறையின் சன்னல்கள், இறக்கை உடலோடு சேரும் இடம், இயந்திரங்கள் தொங்கும் சாய்வு ஆகிய நான்கும் உண்மை விமானத்தின் நிழற்படத்தோடு ஒத்திருந்தாற் போதும், மற்றவற்றை மன்னிக்கலாம்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை விரித்துரைக்க வேண்டும். எயர் லங்கா 1979 செப்ரெம்பரிற் சேவை தொடங்கிப் பின்னர் லொக்ஹீட் ட்ரைஸ்ரார் விமானங்களைப் பறக்கவிட்டது. 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின், நம்மவர் எத்தனையோ பேர் கட்டுநாயக்காவில் அவற்றின் படிகளில் ஏறித்தான் இந்நாட்டை விட்டகன்றனர். 1986 மே 3ஆந் திகதி, மாலைதீவுக்குப் புறப்படவிருந்த ட்ரைஸ்ரார் ஒன்று நிலத்தில் நின்றபடியே குண்டு வெடித்துப் பிளந்தது. 21 பேர் மாண்டனர். இத்தகைய நினைவுகளைச் சுமக்கும் விமானத்தை விளையாட்டுப் பொருளாகக் கருத எனக்கு மனமில்லை. ஆனால் ட்ரைஸ்ரார் ஒரே வகையினதன்று. நீண்ட வகை 54 மீற்றருக்குச் சற்று மேல். 500 என்னும் இலக்கம் பெற்ற குறுகிய வகை 50 மீற்றர். எயர் லங்கா இரண்டையும் பயன்படுத்தியது. நானூற்றில் ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் முன்னது 135 மில்லிமீற்றரும் பின்னது 125 மில்லிமீற்றரும் இருத்தல் வேண்டும். பத்து மில்லிமீற்றர் வேறுபாடு! பள்ளி மாணவனின் அடிமட்டமே இதற்குப் போதும். இரண்டு வகைக்கும் தனித்தனி அச்சுக் கடைவது செலவு மிக்கது. ஒரே அச்சில் வார்த்ததற்கு எந்தப் பெயரையும் பொறித்துவிட வணிகர்க்கு ஆசை எழுவது இயல்பு. அவ்வாசைக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. மூன்றாம் இயந்திரத்தையும் நோக்குக. ட்ரைஸ்ராரில் காற்றுப்புகும் வாய் வாலின் அடியில் இருக்க, இயந்திரமோ உடலின் கடைக்கோடியில் இருக்கும். டக்ளஸ் டீசி 10 விமானத்தில் அது வாலை ஊடுருவி நேரே செல்லும். இவ்விரண்டையும் குழப்பிய மாதிரியை விலையின்றித் தந்தாலும் வாங்கேன்.

அளவுத்திட்டத்தைப் பற்றி இன்னொன்று. நானூற்றில் ஒன்றாகச் சுருக்கினால், ஐந்தடி ஆறங்குல உயரமுள்ளவர் நான்கு மில்லிமீற்றர் ஆகிவிடுவார், அரிசிமணியிலும் சிறியவர். அவ்வுலகில் மயிரிழை பருமனான கீறல், உண்மை விமானத்தில் நான்கு சென்ரிமீற்றர் அகன்ற பிளவுக்கு ஒப்பாகும். தகடுகள் பொருந்தும் கோடுகளை ஆழக் கீறி "எவ்வளவு நுணுக்கம்!" என வியக்கச் செய்வோர், பறந்தாற் சிதறிவிடக்கூடிய விமானத்தையே செய்து தருகின்றனர். கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பதே திறமை. தடித்த வண்ணப்பூச்சு இதற்கு நேர்மாறான குற்றத்தைச் செய்கிறது. இருக்கும் நுணுக்கத்தையும் அது மூடிவிடும்.

இனி வண்ணமும் எழுத்தும். இவை மென்மையான சிலிக்கன் திண்டினால் ஒற்றப்படுகின்றன. எழுத்தின் ஓரம் கூர்மையாக உள்ளதா, கோடு மூக்கிலிருந்து வால்வரை நெளியாது செல்கிறதா என்பதை உருப்பெருக்கி வில்லையால் எளிதிற் காணலாம். அதனினும் பெரிய வினா, அவ்வெழுத்து அந்த ஆண்டுக்குரியதா என்பது. இலங்கை விமானங்களின் இன்றைய அடையாளம் 4ஆர். எயர் சிலோன் பிறந்த 1947இலோ இத்தீவு இன்னும் முடியாட்சியின் கீழ் இருந்தது, விமானங்கள் வி.பி. என்னும் எழுத்துக்களைத் தாங்கின. முதற் பயணத்தின் நினைவெனச் சொல்லி 4ஆர் பொறித்த டக்கோட்டாவை விற்பது, பட்டம் பெறாத ஒருவரின் குழந்தைப் பருவப் படத்தின் கீழ்க் கலாநிதி என்று எழுதுவதை ஒக்கும். ட்ரைடன்ற் விமானத்துக்கு எயர் லங்காவின் மயிலை வரைவதும் அத்தகையதே. அவ்விமானம் பறந்தது எயர் சிலோனின் கீழ்.

டக்கோட்டாவை நான் மீண்டும் மீண்டும் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து நடத்தப்பட்ட பர்மியப் போருக்கு உணவும் மருந்தும் சுமந்தவை பெரும்பாலும் டக்கோட்டாக்களே. போர் முடிந்தபின் எஞ்சியவற்றைக் கொண்டு ஆசிய நாடுகள் பல தத்தம் விமான சேவையைத் தொடங்கின. எயர் சிலோனின் மூன்று டக்கோட்டாக்கள் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயர் பெற்றன. அவற்றின் மாதிரியை ஆராய்வோர் இறக்கையையே முதலில் நோக்குக. முன்விளிம்பு பின்னோக்கிச் சாய, பின்விளிம்பு ஏறத்தாழ நேராகச் செல்லும். நடுப்பகுதி மட்டமாக இருக்க, இயந்திரங்களுக்கு அப்பால் இறக்கை மேலெழும். நிலத்தில் நிற்கையில் வால் தாழ்ந்து மூக்கு வானை நோக்கும். ஏறத்தாழ இருபது மீற்றர் நீளமே உடைய இவ்விமானம் நானூற்றில் ஒன்றாகச் சுருங்கினால் ஐந்து சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். மேற்கூறிய நயங்கள் அதிற் புலப்படா. இருநூற்றில் ஒன்றையே வாங்குக. 1978 செப்ரெம்பர் 7ஆந் திகதி இரத்மலானையிற் குண்டுவைத்து அழிக்கப்பட்ட அவ்ரோ 748க்கும் இதே விதி பொருந்தும். யாழ்ப்பாணம் சென்றுவந்த நம் மூத்தோர் பலருக்கு அவ்ரோ என்பது உறவினர் பெயர்போல!

பெட்டியின் அழகு, வரையறுத்த எண்ணிக்கையிற் செய்தோம் என்னும் சான்றிதழ் முதலியன பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிழையான ஒன்றை ஐந்நூறோடு நிறுத்தினால், பிழை ஐந்நூறோடு நின்றது என்பதற்கு மேல் அதற்குச் சிறப்பில்லை.

பழைய டிங்கி விமானங்களை வைத்திருப்போர் என்மீது சினங்கொள்ள வேண்டாம். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் வார்த்தவை சிறுவர் கையில் உருள்வதற்கென்றே பிறந்தவை; அவற்றை அடிமட்டங்கொண்டு அளப்பது அறமன்று. அவற்றுக்கு வேறொரு சோதனை உண்டு. போருக்கு முற்பட்ட வார்ப்புகளிற் சிலவற்றில் ஈயம் கலந்துவிட்டமையால் உலோகம் உள்ளிருந்தே நோயுற்று வீங்கி, வெடித்து, ஈற்றில் உதிர்ந்துபோகும். இறக்கை தானே தொங்குவதும், பூச்சின்மேல் வலைபோல வெடிப்புகள் தோன்றுவதும் அந்நோயின் குறிகள். ஈரம் அதனை விரைவுபடுத்தும். மழைக்காலத்திற் சப்பாத்தும் பூஞ்சணம் பிடிக்கும் கண்டியில் வாழ்வோர் இதனை மறத்தலாகாது. அந்நோய்க்கு மருந்தில்லை, ஆதலின் வாங்குமுன் பகல் வெளிச்சத்தில் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

யூபிலி ஆண்டிற் கல்லூரி நூலகத்துக்கு மாதிரி விமானம் தர எண்ணும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒன்றைத் தந்தாலும் போதும். அதனோடு, எந்த விமானம், எந்த ஆண்டின் கோலம், எந்த வழியிற் பறந்தது, எத்தனையில் ஒன்றாகச் சுருக்கப்பட்டது என்பவற்றைத் தமிழில் எழுதிய ஓர் அட்டையும், உண்மை விமானத்தின் நிழற்படம் ஒன்றும் தருக. நூலகத்தார் அதனருகே ஓர் அடிமட்டத்தையும் வைக்கட்டும். கணிதம் கற்கும் மாணவர் அளந்து பார்த்துக்கொள்வர்.