‘வெறும்’ செய்திப்படம்!

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் முதலில் ‘இது கலையா?’ என்று கேட்போம். உக்ரைனியரான ம்ஸ்திஸ்லாவ் செர்னோவின் ‘மரியுபோலில் 20 நாட்கள்’ (2023) குறித்த பேச்சிலும் அக்கேள்வியே முந்திக்கொள்கிறது. ‘வெறும் செய்திப்படம்தானே’ என்று முடித்தும் விடுகிறார்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல்லோடுதான் நமக்குச் சண்டை.

1985இல் பிறந்த செர்னோவ், 2014 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காகப் போர்களைப் பதிவுசெய்து வருபவர். டொன்பாஸ், சிரியா, ஈராக் எனப் பல களங்களைக் கண்டவர். நாவலும் எழுதியவர். புனைவு கைவராமல் செய்திக்குள் ஒதுங்கியவரல்லர்.

2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, ஒளிப்படக் கலைஞர் எவ்கேனி மலோலெட்காவுடன் மரியுபோலுக்குள் நுழைந்தார். முற்றுகையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. சூறையாடப்பட்ட கடையொன்றின் படிக்கட்டடியில் குந்தியிருந்து, கிடைத்த இணைப்பில் காட்சிகளை அனுப்பினார்கள். மார்ச் 9இல் மகப்பேறு மருத்துவமனைமீது குண்டு விழுந்தது. அங்கே படமெடுக்கப்பட்ட கர்ப்பிணியை ‘நடிகை’ என்றது லண்டனிலுள்ள ருஷ்யத் தூதரகம்.

தூதரகம் உண்மையை மறுத்தது. நம் விமர்சகர்கள் மறுக்கவில்லை. அதைப் பாராதிருக்க நாகரிகமான காரணமொன்றைக் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவே. முகத்தைத் திருப்பிக்கொள்வதில் இரு தரப்பும் ஒன்றே.

‘சாகும் குழந்தையின்முன் கேமராவா?’ என்ற கேள்வி இதைவிட நேர்மையானது. அதற்கு விடையும் உண்டு. குழந்தையைக் காப்பாற்ற இயலாத மருத்துவரே, இதைப் படமெடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டார்.

2024 மார்ச்சில், உக்ரைனுக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்த மேடையில், இப்படத்தை எடுக்கவே நேராதிருந்திருக்கலாம் என்றார் செர்னோவ். ஆயினும் ஓயவில்லை. 2023இல் பக்முத் அருகே ஒரு சிற்றூரை மீட்க, ஒடுங்கிய மரவரிசையினூடே முன்னேறிய வீரர்களோடு சென்றார். அதன் விளைவே ‘ஆந்திரீவ்காவுக்கு 2000 மீட்டர்’ (2025).

தன் படைப்பே தேவைப்படாத ஓர் உலகை விரும்பியவரிடம் ‘அழகியல் எங்கே?’ என்று கேட்க நமக்குக் கூச்சம் வேண்டாமா? கலையா என்பதைப் பிறகு விவாதிப்போம். முதலில், கண்ணை எடுக்காமல் படத்தை முழுதாகப் பார்ப்போம்.