பெட்டியின் முதுகிலுள்ள இலக்கம்

சென்ற மாதம் எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சுற்றியுள்ள றப்பர் வெடித்துவிட்டது. உள்ளே குளிர் தங்கவில்லை. மின்சாரக் கட்டணம் மட்டும் ஏறியது. கொழும்புக்குச் சென்ற மைத்துனரிடம் பெட்டியின் பெயரையும் உயரத்தையும் சொல்லி, புதிய றப்பர் ஒன்று வாங்கி வருமாறு வேண்டினேன். அவர் கொணர்ந்ததோ இரண்டு அங்குலம் நீளமானது. விற்ற பொருளைத் திருப்பி ஏற்பதில்லை என்று பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. "பத்தொன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறீர்கள். ஓர் இலக்கத்தைப் பார்த்து எழுதி அனுப்பக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

இத்தகைய பொருள்களில் இரண்டு இலக்கங்கள் உண்டு. மாதிரி இலக்கம், ஒரே வகையாகச் செய்யப்பட்டவை அனைத்துக்கும் பொது. தொடர் இலக்கம், அந்த ஒன்றுக்கே உரியது. கல்லூரியில் வகுப்பின் பெயரும் மாணவனின் சேர்விலக்கமும் போல என்று கொள்ளுங்கள். உதிரிப்பாகம் வாங்குவோருக்கு முன்னையது இன்றியமையாதது. உத்தரவாதம் கோருவோரும், களவு போனதைப் பொலிசில் முறையிடுவோரும் பின்னையதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் இவை பெரும்பாலும் உட்சுவரிலே, மரக்கறித் தட்டின் அருகே காணப்படும். சிலவற்றில் பின்புறத்தில் இருக்கும். முன்கதவுள்ள சலவை இயந்திரமாயின் கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். தொலைக்காட்சிக்கு முதுகில். மின் கேத்தல் முதலியவற்றை, மின்னிணைப்பைக் கழற்றிய பின், கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நகர்த்த இயலாத பொருளாயின் கைத்தொலைபேசியைப் பின்னே நீட்டிப் படம் பிடிக்கலாம். அக்கைத்தொலைபேசிக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும்.

என் தாயாரின் சிங்கர் தையல் இயந்திரத்தில் இலக்கத்தை இரும்பிலேயே பொறித்திருக்கிறார்கள். 1900 முதல் அந்நிறுவனத்தார் இலக்கத்தின் முன்னே ஆங்கில எழுத்தொன்றையும் சேர்த்தனர். அவற்றைக் கொண்டு இயந்திரத்தின் வயதை இன்றும் அறியலாம். இக்காலத்து ஒட்டுத்தாள்களுக்கு அத்தகைய ஆயுள் இல்லை. எண்ணெயும் ஈரமும் பட்டு எமது பெட்டியில் பாதி மங்கியிருந்தது. பூச்சியமா, 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தா என்று, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு மகளும் நானும் நெடுநேரம் வாதிட்டோம். அவள் சொன்னதே சரியாயிற்று.

இப்போது அவள் பழைய கொப்பியொன்றில் வீட்டுப் பொருள்கள் யாவற்றின் இலக்கங்களையும் வாங்கிய திகதிகளையும் எழுதி, பற்றுச்சீட்டுகளையும் உள்ளே செருகி வைத்திருக்கிறாள். சரியான றப்பரும் வந்து சேர்ந்தது. மற்றையது அடுக்களைச் சுவரில் ஆணியொன்றில் தொங்குகிறது. அதனை எறிந்துவிட என் மனைவி சம்மதிக்கவில்லை.