சீல் வைத்த அவசரம்

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160.86 ஏக்கர் நிலத்துக்கு, 1945ஆம் ஆண்டு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுகளுக்கென அளிக்கப்பட்ட குத்தகை, முடிவடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எஞ்சியிருந்த நிலையில், 2024 செப்டம்பர் 6ஆம் தேதியிட்ட அரசாணையால் ரத்து செய்யப்பட்டு, 9ஆம் தேதியே மைதானத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. அந்நிலம் பசுமைப் பூங்காவாகவும் வெள்ளநீர் தேங்கும் குளங்களாகவும் பொதுமக்களுக்குத் திரும்புவதில் மறுப்பேதும் இருக்க முடியாது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட விதத்தை ஏற்க முடியாது.

குத்தகையைக் காலத்துக்கு முன்பே முறிப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்பந்த நிபந்தனையை மீறும் குத்தகைதாரர் தம் உரிமையை இழப்பார் என்ற ஏற்பாடு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் உரிமையிழப்பு எனப்படுகிறது. ஆனால், முறிக்கும் எண்ணத்தை உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதையும், வாடகை பாக்கிக்காக முறிக்கப்படும்போது, பாக்கியை வட்டியுடனும் வழக்குச் செலவுடனும் செலுத்திக் குத்தகையைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பை நீதிமன்றம் அளிக்கலாம் என்பதையும் அதே சட்டம் சேர்த்தே சொல்கிறது. குத்தகையை முறிப்பது ஒரு செயல். சுவாதீனம் எடுப்பது, அதாவது குத்தகைதாரரின் கைவசமுள்ள நிலத்தை மீட்டுக்கொள்வது, வேறொரு செயல். இவ்விரண்டுக்கும் நடுவில் நீதிமன்றம் நிற்க வேண்டும் என்பதே நம் சட்ட மரபு.

இது அரசுக்கும் பொருந்துமா என்ற கேள்வி புதிதன்று. நிர்வாக உத்தரவைக் கொண்டு ஒருவரை அவரது சுவாதீனத்திலிருந்து அகற்ற அரசுக்கு அதிகாரமில்லை என்று பிஷன் தாஸ் வழக்கில் 1961ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. டெல்லியில் எக்ஸ்பிரஸ் நாளிதழ் நிறுவனத்தின் குத்தகை நிலத்தில் மீண்டும் நுழைய மத்திய அரசு முயன்றபோது, நில உரிமையாளர் என்ற முறையில் உரிமையியல் வழக்குத் தொடுத்தே அதைக் கோர வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும் கிண்டியில் நடந்தது என்ன? ஆணை பிறந்த 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மறுநாள் விநாயகர் சதுர்த்தி, அதற்கடுத்த நாள் ஞாயிறு, திங்கட்கிழமை சீல். நீதிமன்றக் கதவைத் தட்டுவதற்கு ஒரு முழு வேலைநாள்கூடத் தரப்படவில்லை. லாயங்களில் உயிருள்ள குதிரைகள் நிற்கின்றன என்பதும், அவற்றைப் பராமரிக்கும் ஊழியர்களின் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது என்பதும் யார் நினைவுக்கும் வரவில்லை போலும்.

வாடகைக்கு வீடு விடும் சாதாரண மனிதர் இப்படி நடந்துகொள்ள இதே மாநிலத்தின் சட்டம் அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள் - வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவின்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கவும் கூடாது. அரசுக்குச் சொந்தமான இடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாதுதான். ஆயினும், ஒற்றைப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வூதியரிடம் எதிர்பார்க்கப்படும் பொறுமை, மாநிலத்தின் மிகப் பெரிய நில உரிமையாளரிடம் எதிர்பார்க்கப்படக் கூடாதா?

இந்த அவசரத்தைக் காட்டியவர்களின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாநகரின் நடுவே 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு என்ற நிலையைப் பல பத்தாண்டுகள் நீடிக்க விட்டவர்கள் யார்? 1970 முதல் 2004 வரையிலான பாக்கி மட்டும் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று சேர விட்டு, அதைச் செலுத்துமாறு 2023ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தவர்கள் யார்? உதகையின் 52 ஏக்கர் பந்தய மைதானத்துக்கான குத்தகை 1978ஆம் ஆண்டிலேயே முடிந்துபோயிருக்க, அதை மீட்டது 2024 ஜூன் மாதத்தில். பாக்கியாகச் சொல்லப்பட்டதோ 822 கோடி ரூபாய். காலம் முடிந்த குத்தகையை 46 ஆண்டுகள் மறந்திருந்தவர்கள், காலம் முடியாத குத்தகையை மூன்று நாளில் முடித்துவைத்தார்கள். இதே கிளப்பைக் கையகப்படுத்த 1986ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம், சமத்துவ உரிமைக்கு முரணானது என்று 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. பத்தாண்டு வழக்காடித் தோற்ற அந்தப் பாடத்தைக் கோட்டையின் கோப்புகள் எங்கே புதைத்தன?

அரசு நிலங்களின் குத்தகையை உரிய காலத்தில் கண்காணிக்கவும், முறிக்க நேர்ந்தால் நீதிமன்றத்தின் வழியே முறிக்கவும் முறையான ஏற்பாடொன்றை இனியேனும் வகுக்க வேண்டும். செப்டம்பர் 9ஆம் தேதி சீல் வைத்தது தவறு. ஒப்பந்தப்படி அக்குத்தகை முடியும் ஆண்டு 2044.