கண்டிப்பு இல்லாததால் வருவதல்ல

வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத, மிஸ் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்திவிடுகிற, வாரத்துக்கு ஒரு பென்சில் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளையைப் பார்த்ததும் ஒரு தீர்ப்பு நம் வாயில் தயாராக இருக்கிறது: வளர்ப்பு சரியில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், கையில் செல்போனைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள், முதுகில் இரண்டு வைத்தால் தானாக அடங்குவான், ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு) என்பதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்று அந்தத் தீர்ப்பு நீண்டுகொண்டே போகும். உறவுக்கார வீட்டு விசேஷத்திலும் பேரண்ட்ஸ் மீட்டிங்கிலும் இதைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பது பெரும்பாலும் தாய்தான். இந்தத் தீர்ப்பு பிள்ளைக்கு உண்மையான தீங்கு செய்கிறது. அதன் ஒவ்வொரு கிளையையும் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

முதலில், இது புதிதாகக் கிளம்பிய நோய் என்ற வாதம். 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாமல் தவிக்கும் நிலையைத் தன் நூலில் விவரித்துவிட்டார். 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுத்திறனில் குறையில்லாத பிள்ளைகளிடமும் தங்களை அடக்கிக்கொள்ள முடியாத தன்மை இருப்பதை லண்டனில் சொற்பொழிவுகளிலேயே எடுத்துரைத்தார். இதற்குக் கொடுக்கப்படும் ரிட்டலின் என்ற மருந்து சந்தைக்கு வந்தது 1950-களில். மருந்து வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட நிலையை மருந்துக் கம்பெனி எப்படிக் கட்டிவிட முடியும்? நம் தாத்தா காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு ஏறவில்லை என்று மாடு மேய்க்கவோ பட்டறைக்கோ அனுப்பப்பட்ட பிள்ளைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வளர்ப்புதான் காரணம் என்றால், ஒரே வீட்டில் ஒரே அம்மாவிடம் வளரும் இரட்டையர்களிடம் அது தெரிந்தாக வேண்டும். தெரிவது வேறு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஏடிஹெச்டி இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையரைவிட மிக அதிகம். பல நாடுகளின் இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மக்களிடையே இந்தக் குணத்தில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 74 சதவீதத்துக்குப் பரம்பரையே பொறுப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடைக் குறைவு போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றில் எதுவும் தாய் அடித்து வளர்த்தாளா, அணைத்து வளர்த்தாளா என்பதோடு சம்பந்தப்பட்டதல்ல.

‘இந்த வீடுகளில் எப்போதும் கத்தலும் அதட்டலுமாக இருக்கிறதே, அதுதானே பிள்ளையைக் கெடுக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணால் பார்ப்பதை வைத்துக் கேட்பதால் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். 1979-ல் ரஸ்ஸல் பார்க்லியும் சார்லஸ் கன்னிங்ஹாமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மிகைத் துடிப்புள்ள சிறுவர்களுக்குச் சில நாட்கள் மருந்து, சில நாட்கள் வெறும் போலி மாத்திரை. எந்த நாளில் எது என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. மருந்து எடுத்த நாட்களில் பிள்ளைகள் சொன்னதைக் கூடுதலாகக் கேட்டார்கள். அம்மாக்களின் அதட்டலும் அதோடு குறைந்தது. அந்தத் தாய்மார்களுக்கு யாரும் வளர்ப்பு முறை கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளை மாறியதும் அம்மா மாறினாள். கத்தலில் இருந்து ஏடிஹெச்டி வரவில்லை, ஏடிஹெச்டியிலிருந்துதான் அந்தக் கத்தலின் பெரும்பகுதி வருகிறது.

செல்போனைப் பற்றி: லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பத்தில் அறிகுறி ஏதும் இல்லாத 2,587 பதின்வயது மாணவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த 2018-ம் ஆண்டு ஆய்வில், டிஜிட்டல் கருவிகளை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் கவனச் சிதறல் அறிகுறிகள் ஓரளவு கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது ஒரு தொடர்பு மட்டுமே. செல்போன்தான் காரணம் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அதோடு, ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இரவில் போனை வாங்கி வைப்பது நல்லது, தூக்கம் கெடாமல் இருக்கும். அதற்கு மேல் அதில் பழி சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, சாக்லேட் விஷயம் இன்னும் தெளிவானது. ‘இனிப்பு சாப்பிட்டால் என் பிள்ளை ஆடித் தீர்த்துவிடுவான்’ என்று நம்பிய அம்மாக்களை வைத்து 1994-ல் ஒரு சோதனை நடந்தது. ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதி அம்மாக்களிடம் மட்டும் ‘உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்றார்கள். அவர்கள் தங்கள் பிள்ளை அதிகமாகத் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையை விட்டு விலகாமல் பக்கத்திலேயே நின்றார்கள். ஒன்றை நம்பிவிட்டால் கண்ணுக்கு அதுவே தெரியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேண்டியதில்லை.

இனி, தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்வி: ‘டிவியில கார்ட்டூன் போட்டா மூணு மணி நேரம் அசையாம உட்கார்றானே, புத்தகத்தை எடுத்தா மட்டும் எப்படி வியாதி வருது?’ உண்மையில் இந்தக் கேள்விக்குள்தான் ஏடிஹெச்டி என்றால் என்ன என்ற விடையே இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம்தான் தாமதமாக வளர்கிறது. கார்ட்டூன் சில நொடிக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைக் காட்டிப் பிள்ளையைத் தானே பிடித்துவைத்துக்கொள்கிறது. வாய்ப்பாட்டுப் புத்தகம் அப்படிப் பிடிக்காது. அங்கே பிள்ளைதான் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘போய் ஷூவை எடுத்துட்டு, பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு, டைரியில அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா’ என்று சொல்லி அனுப்பிய பிள்ளை, பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு ஷூவோடு பால்கனியில் எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சொன்னது காதில் விழுந்தது, செய்யும் எண்ணமும் இருந்தது. மூன்றையும் மனதில் ஏந்திக்கொண்டு நடக்கும் வேலைதான் வழியில் நழுவிவிட்டது. இதற்கு ஓர் அறை கொடுத்தால் பிள்ளை பயப்படும்; அடுத்த முறையும் இரண்டாவது ஷூ மறந்துதான் போகும்.

அதனால்தான் இதற்குச் செய்ய வேண்டியதும் வேறு மாதிரி இருக்கிறது. மூன்று வேலையை ஒன்றொன்றாகச் சொல்லலாம். பிள்ளையின் பக்கத்தில் போய்க் கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். இருபது கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவில் எழுந்து நடக்க விடலாம். நோட்டில் ஒரு வரியைச் சரியாக எழுதிய அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எட்டாது. வகுப்பில் ஜன்னலோரத்தை விட்டு ஆசிரியருக்கு அருகில் முன்பெஞ்சில் உட்கார வைக்கலாம். இதையெல்லாம் முறையாகப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் பயிற்சி இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் அதைத்தான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் வழிகாட்டுதல் சொல்கிறது. ‘வளர்ப்பு காரணமில்லை என்றால் பெற்றோருக்கு எதற்குப் பயிற்சி?’ என்று கேட்கலாம். பார்வைக் குறைவு கண்ணாடி போடாததால் வந்ததல்ல. கண்ணாடி போட்டால்தானே கரும்பலகை தெரிகிறது?

எதிர்த் தரப்பில் ஒரு வாதத்துக்கு உண்மையான கனம் உண்டு: துறுதுறுவென்று இருக்கும் சாதாரணப் பிள்ளைகள் மீதும் இந்த முத்திரை குத்தப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே வகுப்பில் வயதில் கடைக்குட்டிகளான டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்று எழுதப்பட்டிருந்தது. வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது குறைந்த பிள்ளையின் விளையாட்டுத்தனம் நோயாகிவிட்டது. கோயம்புத்தூரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் என்கிறது. உலக ஆய்வுகளைத் தொகுத்த 2007-ம் ஆண்டுக் கணக்கு 5.29 சதவீதம் என்கிறது. அளக்கும் கோல் மாறினால் எண்ணும் மாறும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித் தராது என்பதும் உண்மை. ஒற்றைத் தலைவலிக்கும் அப்படி ஒரு பரிசோதனை இல்லை. அவசர முத்திரைக்கு மருந்து கவனமான பரிசோதனைதான்: ஆறு மாதமாவது அறிகுறி நீடித்ததா, வீடு பள்ளி இரண்டிலும் தெரிகிறதா, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா, காது, கண், தூக்கம், கற்றல் குறைபாடு எல்லாம் பார்த்தாயிற்றா? இவ்வளவும் கேட்காத டாக்டரைச் சந்தேகிக்கலாம். அதற்காக நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முத்திரை தவறுவதில் இன்னொரு பக்கமும் உண்டு. கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதே இல்லை. அவள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லையே.

மருந்து என்றதும் ‘பிள்ளையை மரக்கட்டை ஆக்கிவிடும், அடிமையாக்கிவிடும்’ என்ற பயம் வருகிறது. ரிட்டலினில் இருக்கும் மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸ் மருந்து, சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், வளர்ச்சி வேகம் சற்றுக் குறையலாம். அதனால் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். பிள்ளை மரத்துப்போய் உட்கார்ந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்து 1999-ல் வெளியான பெரிய ஆய்வில், 14 மாதம் கவனமாகக் கொடுத்த மருந்து, முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்ற குழுவைவிட நன்றாக வேலை செய்தது. மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசம் மறைந்தது என்பதை விமர்சகர்கள் சரியாகவே சுட்டுகிறார்கள். ஆனால் 14 மாதத்துக்குப் பிறகு மாதாமாதம் பார்த்து அளவைச் சரிசெய்த அந்தக் கவனிப்பும் நின்றுபோயிருந்தது. மருந்து நோயை வேரோடு எடுப்பதில்லை. கொடுக்கும் வரை, கவனிக்கும் வரை உதவுகிறது.

கடைசியாக ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2007-ல் பிலிப் ஷா குழுவினர் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, மூளைப் புறணி அதன் உச்ச தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளிடம் சராசரியாக ஏழரை, ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் பத்தரை என்று தெரிந்தது. ஓடியாடும் துடிப்பு வயதோடு குறைவதும் உண்டு. கவனச் சிதறல் பலரிடம் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. ஆனால் ஏழரைக்கும் பத்தரைக்கும் நடுவில் இருப்பது இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கழித்தல் கணக்கும் கையெழுத்தும் அந்த மூன்று ஆண்டுகளில்தான் படிகின்றன. சோம்பேறி, முரடன், மக்கு என்று தினமும் கேட்கும் பிள்ளை அவற்றைத் தன் பெயராக மனதில் எழுதிக்கொள்வதும் அந்த மூன்று ஆண்டுகளில்தான்.